பேட்டரி இல்லாத ஸ்மார்ட் டாலர்: வீட்டிலேயே செய்யும் முறை

ஸ்மார்ட் நகை என்றால் இன்று பெரும்பாலும் மோதிரம்தான் நினைவுக்கு வருகிறது. ஃபின்லாந்தின் ஔரா 2015-இல் கூட்டுநிதி திரட்டித் தன் முதல் மோதிரத்தைக் கொண்டுவந்தது. 2024-இல் சாம்சங்கின் கேலக்சி ரிங் வந்தது. பெங்களூரின் அல்ட்ராஹ்யூமனும் இதே களத்தில் இருக்கிறது. தூக்கத்தையும் இதயத் துடிப்பையும் அளக்கும் இந்த மோதிரங்கள் நல்ல கருவிகள். ஆனால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 20 மில்லிஆம்பியர்-மணி கொண்ட குட்டி லித்தியம் பேட்டரி. அது தளர்ந்துவிட்டால் மோதிரத்தை உடைக்காமல் மாற்ற வழியில்லை. பேத்தி வரை போகவேண்டிய பொருளாக நகையைப் பார்க்கிற வீட்டில், சில ஆண்டுகளில் செத்துப்போகும் நகை ஒட்டாது.

பேட்டரியே இல்லாத வழி ஒன்று உண்டு: என்எஃப்சி டேக், அதாவது கிட்டே வரும் போன் படிக்கக்கூடிய சிறு சிப். போனைக் கிட்டே கொண்டுபோனதும், போன் எழுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலத்திலிருந்தே இந்தச் சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன்னிடம் எழுதிவைத்ததைச் சொல்லிவிடும். சார்ஜ் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம். இங்கே செய்யப்போவது 35 மி.மீ. குறுக்களவும் 5 மி.மீ. கனமும் உள்ள ரெசின் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிசின்) டாலர். யாராவது தன் போனை அதில் வைத்தால், வீட்டாரின் எண் அழைப்புத் திரையில் வந்து நிற்கும். மறதி நோய் உள்ள பெரியவருக்கும், திருவிழாக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகும் குழந்தைக்கும் இது உண்மையாகவே உதவும்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இது ஜிபிஎஸ் அல்ல. தொலைந்தவர் எங்கே இருக்கிறார் என்று காட்டாது. அவரைக் கண்டெடுத்தவர் உங்களை அழைக்க மட்டுமே உதவும்.

எந்த டேக் வாங்குவது

25 மி.மீ. வட்ட ஸ்டிக்கராக வரும் என்டேக் 213 என்ற சிப் வகை போதும். 10 மி.மீ. டேக்கும் கிடைக்கிறது, காதணிக்குள் கூட அடங்கும். ஆனால் ஆன்டெனா சிறியதாகச் சிறியதாக எட்டும் தூரம் குறையும். 25 மி.மீ. டேக் 2 செ.மீ. தள்ளி இருந்தாலும் பெரும்பாலும் படிக்கும். 10 மி.மீ. டேக்கில் போனைச் சரியான இடத்தில் ஒட்டிவைத்துத் தேடவேண்டியிருக்கும். பதற்றத்தில் இருக்கும் ஒரு அந்நியர் அவ்வளவு பொறுமையாகத் தேடமாட்டார்.

மேல்பகுதி காகிதமாக உள்ள ஸ்டிக்கரைத் தவிர்த்து, ஒளிபுகும் பிளாஸ்டிக் டேக்காகக் கேட்டு வாங்குங்கள். காகிதம் ரெசினைக் குடித்துத் திட்டுத் திட்டாகக் கறுக்கும், அதிலிருந்து குமிழியும் கிளம்பும்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் இரண்டு. கதவு திறக்கும் நீலநிறச் சாவிக்கொத்து டேக்குகளில் பல 125 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவை. எந்தப் போனும் அவற்றைப் படிக்காது. 13.56 என்று போட்டு மலிவாக விற்பவற்றில் பல மைஃபேர் கிளாசிக் வகை; அவற்றில் எழுதிவைக்கும் எண்ணைப் பல போன்கள் காட்டாது. அதனால் டேக் கைக்கு வந்ததும் 'என்எஃப்சி டூல்ஸ்' செயலியில் வைத்துப் பாருங்கள். வகை என்டேக் 213 என்றும், எழுதும் இடம் 144 பைட் என்றும், வரிசை எண் 04 என்று தொடங்குவதாகவும் காட்டவேண்டும். 04 என்பது இந்தச் சிப்பைத் தயாரிக்கும் என்எக்ஸ்பி நிறுவனத்தின் குறியீடு.

டேக்கில் எழுதுவது

144 பைட் என்றால் எவ்வளவு? ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் 3 பைட். 'அம்மா' என்று எழுதினால் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறியீடுகள், ஆக 15 பைட். டேக் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்வதைக் கழித்தால் என்டேக் 213-இல் 44 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். பெயரும் ஊரும் எழுதுவதற்குள் தீர்ந்துவிடும். 888 பைட் கொண்ட என்டேக் 216-இல் 290 வரை போகலாம்.

ஆனாலும் தமிழில் ஒரு பத்தி எழுதிவைக்கும் யோசனையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இடத்தைவிடப் பெரிய தடை வேறு. வெறும் எழுத்தாக உள்ள பதிவை ஐபோன் தானாகத் திறக்காது. இணைய முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றுக்குத்தான் அறிவிப்பு காட்டும். தொடர்பு அட்டையாக எழுதினாலும் இதே கதை. எல்லாப் போன்களிலும் ஒரே மாதிரி வேலை செய்வது தொலைபேசி எண் பதிவுதான். அதற்கு 21 பைட்டே ஆகும்.

செயலியில் 'எழுது' பகுதிக்குப் போய், பதிவு சேர்ப்பதில் தொலைபேசி எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எண்ணை +91 சேர்த்தே எழுதுங்கள். வெளிநாட்டு சிம் உள்ளவர் கண்டெடுத்தாலும் அழைப்பு போகும். ஒரே ஒரு பதிவு மட்டும் போதும். இரண்டு மூன்று எழுதினால் போன் முதல் பதிவை எடுத்துக்கொண்டு மற்றதைக் காட்டாமலே விட்டுவிடும். எழுதியபின் அழைப்பு தானாகப் போய்விடாது. எண் திரையில் வரும், எதிரில் இருப்பவர் பொத்தானை அழுத்தவேண்டும். அது நல்லதுதான். இல்லாவிட்டால் நகை போனில் படும்போதெல்லாம் உங்களுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

ஆதார் எண், வீட்டு முகவரி, வங்கி விவரம் எதுவும் வேண்டாம். கிட்டே வரும் எந்தப் போனும் இதைப் படிக்கும். குழந்தையின் டாலரில் குழந்தையின் பெயரைக் கூட எழுதாதீர்கள். பெயர் சொல்லி அழைக்கும் அந்நியரைக் குழந்தை நம்பிவிடும்.

அடுத்தது பூட்டுவது. பூட்டாத டேக்கை யார் வேண்டுமானாலும் செயலி வைத்து அழித்து எழுதலாம். நிரந்தரப் பூட்டு போட்டால் பிறகு உங்களாலும் மாற்ற முடியாது. எண் மாறினால் டாலரே வீண். இன்னொரு காரணமும் உண்டு: இந்தச் சிப்புக்கு உற்பத்தியாளர் உறுதி தரும் நினைவுக் காலம் 10 ஆண்டு, மறுபடி எழுதினால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும், பூட்டியதை மறுபடி எழுத வழியில்லை. எனவே கடவுச்சொல் போடும் வசதியையே பயன்படுத்துங்கள். அதையும் ரெசின் முழுக்க இறுகி, கடைசிச் சோதனை முடிந்த பிறகே செய்யுங்கள்.

ரெசின் ஊற்றுவது

3 டாலருக்கு வேண்டியவை: 3 டேக், 35 மி.மீ. வட்டக் குழி உள்ள சிலிக்கான் மோல்டு, எடைக்கு 3:1 என்ற விகிதத்தில் கலக்கும் எபாக்சி ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, மைக்கா பவுடர், நைட்ரைல் கையுறை, 4 காகிதக் கோப்பை, ஐஸ் குச்சி, பல்குச்சி.

உங்கள் ரெசின் 2:1 அல்லது 1:1 வகையாக இருக்கலாம். அந்த விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று புட்டியில் படித்துவிட்டுத் தொடங்குங்கள். ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி கொண்டவை அல்ல. கொள்ளளவுக்குச் சொன்னதை எடை போட்டுக் கலந்தால் நாள்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். ஹார்டனரைக் கூடுதலாக விட்டால் சீக்கிரம் இறுகும் என்பதும் தவறு. மிச்ச ஹார்டனர் சேர ஆளில்லாமல் உள்ளேயே தங்கி ரெசினை ரப்பராக்கிவிடும்.

35 மி.மீ. வட்டத்தில் 2 மி.மீ. உயரத்துக்கு ஊற்ற ஒரு டாலருக்கு 2.1 கிராம் ஆகும். கோப்பையில் ஒட்டிப் போவதையும் சேர்த்து, 3 டாலரின் முதல் அடுக்குக்கு 6 கிராம் ரெசின், 2 கிராம் ஹார்டனர் எடுங்கள். இவ்வளவு சிறிய அளவில் அரை கிராம் தவறினாலும் விகிதம் கெட்டுவிடும். சமையலறைத் தராசு உதவாது.

3 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்று ஏறும். ஓரத்தையும் அடியையும் வழித்து, வேறொரு கோப்பைக்கு மாற்றி இன்னும் 1 நிமிடம் கலக்குங்கள். இந்த இரண்டாம் கோப்பையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் கோப்பையின் சுவரில் கலக்காமல் ஒட்டியிருந்த ரெசின் அப்படியே மோல்டில் விழுந்து, டாலரின் முகத்தில் ஒரு இடம் மட்டும் காயாமல் நிற்கும்.

இப்போது மைக்கா பவுடர். மோல்டின் அடிப்பக்கம்தான் டாலரின் முகம் என்பதால், டேக் தெரியாமல் மறைக்கவேண்டிய நிறம் இந்த அடுக்கில் வரவேண்டும். நுனிக் கரண்டி அளவு போதும். மைக்கா ஒரு கனிமம், மின்சாரம் கடத்தாது. 'கோல்டு பவுடர்' என்று விற்கும் செம்பு, அலுமினியப் பொடிகளைத் தொடாதீர்கள். தங்கத்தாளைச் சிறு துணுக்குகளாகத் தூவினால் பாதகமில்லை. முழுத் தாளாகப் பரப்பினால் டேக் குருடாகிவிடும்.

ஊற்றியபின் குமிழிகளை ஊசியால் குத்திவிட்டு, தூசி படாமல் மூடி வையுங்கள். 30 டிகிரி வெப்பத்தில், மெதுவாகக் காயும் ரெசின் 4 முதல் 6 மணி நேரத்தில் பாகு பதம் தாண்டும். கையுறை விரலால் தொட்டால் தடம் பதியவேண்டும், ஒட்டி வரக்கூடாது. டேக்கை வைக்க இதுதான் பதம். அதற்கு முன் வைத்தால் டேக் மிதந்து ஓரத்துக்குப் போய்விடும். மறுநாள் வரை விட்டு முழுக்க இறுகிப்போயிருந்தால் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். வழவழப்பான பரப்பில் அடுத்த அடுக்கு பிடிக்காது.

டேக்கை நடுவில் வைக்காமல் 2 மி.மீ. கீழே தள்ளி வையுங்கள். மேலே 7 மி.மீ. இடம் கிடைக்கும், கீழே 3 மி.மீ. இருக்கும். கொக்கித் துளை அந்த 7 மி.மீ.க்குள்தான் வரவேண்டும். ஆன்டெனா என்பது ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய உலோகக் கோடு. துளை அதில் ஒரு முடியளவு பட்டாலும் டேக் செத்தது. வைக்கும் இடத்தில் பல்குச்சியால் துளி ரெசினைத் தடவிவிட்டு, டேக்கை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்கினால் அடியில் காற்று சிக்காது. கறுப்புப் புள்ளியாகத் தெரிவது சிப். அதை ட்வீசரால் அழுத்தக்கூடாது, டேக்கை மடக்கவும் கூடாது.

இந்த இடத்தில் போனை வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். இப்போது கெட்டது தெரிந்தால் டேக்கை உரித்து மாற்றலாம்.

இரண்டாம் அடுக்குக்கு 9 கிராம் ரெசின், 3 கிராம் ஹார்டனர் கலந்து 3 மி.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து மோல்டிலிருந்து எடுக்கலாம். முழு இறுக்கத்துக்கு 72 மணி நேரம் ஆகும். 24-க்கும் 72-க்கும் இடையில் ரெசின் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே 1.5 மி.மீ. கைத்துளைப்பானால் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே துளையிடுங்கள். முழுக்க இறுகியபின் துளைத்தால் விளிம்பு சில்லுத் தெறிக்கும். ஓரங்களை 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவேண்டும். உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு.

புறஊதா விளக்கொளியில் இறுகும் யூவி ரெசின் சில நிமிடத்தில் காயும் என்று அதை எடுக்க ஆசை வரும். ஆனால் டேக்கின் உலோகக் கோடுகள் விளக்கின் ஒளியை மறைக்கும். அந்த நிழலில் உள்ள ரெசின் திரவமாகவே கிடக்கும். மாதக்கணக்கில் தோலோரம் கிடக்கும் நகைக்குள் காயாத ரெசின் இருப்பது ஆபத்து. ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எபாக்சி, யூவி ரெசின்களைத் தொடவே முடியாத நிலை வரலாம். நிறம் சேர்க்காமல், 1 மி.மீ. அடுக்குகளாக, இரு பக்கமும் விளக்குக் காட்டிச் செய்வதாக இருந்தால் மட்டும் யூவி சரி.

நம் ஊர் வானிலையும் கணக்கில் வரும். சித்திரை வைகாசி வெயிலில் கலவை கோப்பையிலேயே சூடேறிச் சீக்கிரம் கெட்டியாகும். ஒரே நேரத்தில் நிறையக் கலக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மேற்பரப்பு மங்கி எண்ணெய் பூசியதுபோல் ஆகும். ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் வரும் படலம் அது. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும்.

உலோகம் எங்கே கெடுக்கிறது

ரெசின் நகை செய்பவர்கள் முதலில் வாங்குவது உலோகத் தட்டு வைத்த டாலர் பேஸ். இந்த வேலைக்கு அதுதான் முதல் எதிரி. போனின் காந்தப்புலம் உலோகத் தட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, அது எதிர்ப்புலம் எழுப்பி டேக்குக்கு வரவேண்டிய சக்தியை விழுங்குகிறது. தங்கம், வெள்ளி, பித்தளை, கவரிங் எதுவானாலும் ஒன்றுதான். உள்ளே அரக்கு நிரப்பிய தங்க டாலருக்குள் டேக்கை ஒளித்துவைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது; மூடிய உலோகப் பெட்டிக்குள் புலம் நுழையாது.

பின்தட்டு இல்லாத வெறும் சட்டம் கூடச் சிக்கல்தான். டேக்கைச் சுற்றி மூடிய வளையமாக இருப்பதால் அது தனியொரு சுருளாகி மின்னோட்டம் சுற்றிவர வழி கொடுக்கிறது. சட்டத்தில் 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டால் அந்த ஓட்டம் அறுந்து, டேக் மீண்டும் படிக்கத் தொடங்கும். பத்தரிடம் கொடுத்துச் செய்வதானால் "பின்பக்கம் திறந்திருக்கட்டும், சட்டம் ஒரு இடத்தில் சேராமல் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். வெட்டுள்ள இடத்தைக் கொக்கிக்கு அடியில் மறைக்கலாம். பின்தட்டு வேண்டியே தீரும் என்றால் காந்தப்புலம் உலோகத்துக்குப் போகாமல் தடுக்கும் ஃபெரைட் தாள் ஒட்டிய, உலோகத்தின் மேல் வைப்பதற்கான டேக் வாங்கவேண்டும். அது முன்பக்கமிருந்து மட்டும்தான் படிக்கும். சங்கிலியும் சிறு வளையமும் தொல்லை தராது.

மரம், கண்ணாடி, சிப்பி, ருத்திராட்சம் எல்லாம் காந்தப்புலத்துக்குக் கதவு திறந்துவைப்பவை. சுடுமண்ணும் அப்படித்தான், செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு இருந்தாலும் அது மின்சாரம் கடத்தாது. டெரகோட்டா நகை செய்பவர்கள் டேக்கைச் சூளைக்கு அனுப்பிவிடக்கூடாது. சுட்டு, வண்ணம் பூசி முடித்தபின் பின்குழியில் வைத்து எபாக்சியால் மூடவேண்டும். சுடும்போது மண் 10 விழுக்காடு வரை சுருங்கும் என்பதால், 25 மி.மீ. டேக்குக்குப் பச்சை மண்ணில் 29 மி.மீ. குழி எடுங்கள், சுட்டபின் 26 மி.மீ. இருக்கும். பட்டு நூல் நகையில் டேக்கின் மேல் நூல் எத்தனை சுற்று வந்தாலும் பரவாயில்லை, சரிகை கூடாது. அசல் சரிகையில் வெள்ளியும் செம்பும் இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது, அணிவது

100 தாள் வெற்று ஏ4 காகிதம் ஏறக்குறைய 1 செ.மீ. கனம். டாலரின் மேல் காகிதக் கட்டை வைத்து அதன் மேல் போனை வையுங்கள். 1 செ.மீ. தாண்டியும் படித்தால் நல்ல டாலர். அரை செ.மீ.க்குள்தான் படிக்கிறது என்றால் அணிய ஏற்றதல்ல, எங்கோ உலோகம் இருக்கிறது. ஐபோனில் ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் பின்முதுகின் நடுவிலோ கேமராவுக்கு அருகிலோ. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கிப் பின்வந்தவை செயலி திறக்காமலே படிக்கும். ஆண்ட்ராய்டில் திரை திறந்திருக்கவேண்டும், அமைப்புகளில் என்எஃப்சி இயக்கத்தில் இருக்கவேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இதை டாலராகச் செய்யாதீர்கள். போனைப் பேஸ்மேக்கரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்வது வழக்கமான மருத்துவ அறிவுரை. இந்த நகையோ போனை நெஞ்சுக்குக் கொண்டுவா என்கிறது. அவர்களுக்குக் கைச்சங்கிலியாகக் கோத்துக் கொடுங்கள். காந்தக் கொக்கியும் வேண்டாம். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போகிறவர் இதையும் மற்ற நகைகளோடு கழற்றிவிடவேண்டும். வியர்வை, குளியல் எதுவும் நன்றாக மூடிய டேக்கைத் தொடாது. காருக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள். சிப்பின் இயக்க எல்லை 70 டிகிரி, ரெசின் அதற்கு முன்பே வளைந்துவிடும். குழந்தைக்கு என்றால், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பாதுகாப்புக் கொக்கி வைத்த கயிற்றில் கோத்துப் போடுங்கள்.

விலை குறைந்த போன்கள் பலவற்றில் என்எஃப்சியே கிடையாது. கண்டெடுத்தவர் கையில் எது இருக்கும் என்று சொல்லமுடியாது. எனவே டாலரின் பின்பக்கம் அதே எண்ணைக் கண்ணால் படிக்கும்படி போட்டுவிடுங்கள்: காகிதத்தில் அச்சடித்து, இருபுறமும் பசை தடவிக் காயவைத்து, இரண்டாம் அடுக்கின் மேல் ஒட்டி அரை மி.மீ. ரெசின் ஊற்றினால் போதும். எண்ணுக்கு மேலே 'போனை இங்கே வைக்கவும்' என்று ஒரு வரியும் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் டாலர் என்றே எல்லோரும் நினைப்பார்கள்.